ஹீத்கிட் எச்டபிள்யூ-8 (மோர்ஸுக்கான சிறிய ஹாம் ரேடியோ செட்): ஸ்டேஷன் கேட்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. ஏன்?

பவர் 2 வாட் அளவுதான். ஆனாலும் முதலில் அதைச் சந்தேகிக்காதீர்கள். இதில் இருப்பது டைரக்ட் கன்வெர்ஷன் ரிசீவர், அதாவது வரும் சிக்னலை நேரடியாக ஒலியாக மாற்றுவது. ஒரே ஸ்டேஷன் டயலில் இரண்டு இடத்தில் கேட்கும். குமிழை மெல்லத் திருப்பினால் கீச்சொலி கனத்து, அடங்கி, மறுபடி ஏறும். அடங்கும் இடம்தான் ஜீரோ பீட்.

மோர்ஸ் கீயை அழுத்தியதும் செட் தானாகவே சுமார் 750 ஹெர்ட்ஸ் நகரும். ஜீரோ பீட்டுக்குச் சரியான பக்கத்தில் இருந்தால் உங்கள் சிக்னல் எதிராளியின் அலைவரிசையிலேயே விழும். தவறான பக்கமென்றால் 1500 ஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும். அவருடைய குறுகிய ஃபில்டருக்குள் நுழையவே நுழையாது. பெரும்பாலும் கோளாறு இதுதான். எந்தப் பக்கம் சரி என்று இன்னொரு ரிசீவரில் உங்கள் சிக்னலைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேண்ட் மாற்றினால் ப்ரீசெலக்டர் குமிழை ஒலி உச்சத்துக்கும், லோடிங் குமிழை மீட்டர் உச்சத்துக்கும் மறுபடி வையுங்கள்.