‘மூணு நாளா’ என்றால் ஃபார், ‘ஞாயிற்றுக்கிழமையிலிருந்து’ என்றால் சின்ஸ்

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர், ‘சின்ஸ் வராது, ஃபார் போடு’ என்றார். எது எங்கே வரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நண்பர் சொன்னது சரி. ஆனால் பாதியைத்தான் திருத்தியிருக்கிறார், அந்த ‘ஆம்’ என்பதும் தப்பு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

காய்ச்சல் என்று டாக்டரிடம் போகிறீர்கள். ‘எத்தனை நாளா?’ என்று கேட்டால் ‘மூணு நாளா’ என்பீர்கள். ‘எப்போதிலிருந்து?’ என்று கேட்டால் ‘ஞாயிற்றுக்கிழமையிலிருந்து’ என்பீர்கள். இதை யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ‘மூணு நாளிலிருந்து காய்ச்சல்’ என்றால் நமக்கே காதில் இடறும். முதல் பதில் எவ்வளவு காலம் என்ற அளவு, அதற்கு ஃபார். இரண்டாவது, தொடங்கிய புள்ளி, அதற்கு சின்ஸ். இந்தியில் இரண்டுக்கும் ‘சே’ என்ற ஒரே சொல்தான், அதனால் அவர்கள் குழம்புவதில் நியாயம் உண்டு. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது!

ஆகவே ஆங்கிலத்தில் எழுதுமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘ரொம்ப நாளாக’ என்று வந்தால் ‘ஃபார் எ லாங் டைம்’. ‘சின்ன வயதிலிருந்து’ என்று வந்தால் ‘சின்ஸ் சைல்ட்ஹுட்’.

பலரைக் கவிழ்ப்பது ‘லாஸ்ட்’ என்ற சொல். ‘போன வருஷத்திலிருந்து’ என்றால் ‘சின்ஸ் லாஸ்ட் இயர்’. ‘கடந்த ஐந்து வருஷமாக’ என்றால் ‘ஃபார் த லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’. முதலாவதைக் கேட்டுப் பழகிய வாய், இரண்டாவதிலும் சின்ஸைச் செருகிவிடுகிறது. இன்னொன்று: ‘இலிருந்து’ என்று வந்தாலே சின்ஸ் என்று நினைக்க வேண்டாம். ‘நாளையிலிருந்து வருகிறேன்’ என்பதற்கு ‘ஃப்ரம் டுமாரோ’தான். சின்ஸ் ஏற்கெனவே தொடங்கிவிட்டதற்கு மட்டுமே.

சரி, அந்த ‘ஆம்’. இங்கே உண்மையிலேயே தமிழ்தான் காலை வாருகிறது. ஐந்து வருஷத்துக்கு முன் தொடங்கி இன்றும் நடப்பதை நாம் ‘வேலை பார்க்கிறேன்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் அதை ஏற்காது. அன்று தொடங்கியதையும் இன்று தொடர்வதையும் சேர்த்துக் காட்ட ‘ஹேவ் பீன்’ வேண்டும். முடிந்துபோன கதையென்றால் அதுவும் வேண்டாம். ‘மூன்று வருஷம் மதுரையில் இருந்தேன்’ என்பது ‘ஐ லிவ்ட் இன் மதுரை ஃபார் த்ரீ இயர்ஸ்’, அவ்வளவுதான். ‘ரெண்டு நாளைக்கு லீவு வேண்டும்’ என்பதிலும் ஃபார் உண்டு, ‘ஹேவ் பீன்’ இல்லை.

சின்ஸுக்கு ‘என்பதால்’ என்ற பொருளும் இருக்கிறது. ‘சின்ஸ் இட் வாஸ் ரெய்னிங், வி ஸ்டேய்ட் அட் ஹோம்’ என்றால் மழை பெய்ததால் வீட்டிலேயே இருந்தோம் என்று அர்த்தம். அங்கே காலக் கணக்கு எதுவும் இல்லை.

உங்கள் விண்ணப்பத்தில் இப்படி மாற்றிவிடுங்கள்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.’ சேர்ந்த வருஷத்தைக் குறிப்பிட விரும்பினால் ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ இருக்கும் இடத்தில் சின்ஸ் போட்டு அந்த வருஷத்தை எழுதுங்கள். ‘ஹேவ் பீன்’ அப்படியே இருக்கட்டும்.