பாடம் புரிகிறது, தேர்வில் மதிப்பெண் வருவதில்லை. மேல்நிலைக் கணிதத் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

நடத்தும்போது புரிகிறது, தீர்வைப் பார்த்தாலும் புரிகிறது, வெற்றுத்தாளை முன்னால் வைத்தால் மட்டும் கை ஓடவில்லை. தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மாதம் போதும். ஆனால் இப்போது படிக்கிற விதத்தை மாற்ற வேண்டும்.

அடுத்தவர் போட்ட கணக்கில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது ஒரு திறமை. அடுத்த வரி எது என்று நாமே முடிவெடுப்பது வேறு திறமை. வகுப்பு, வீடியோ, நோட்ஸ் எல்லாம் முதலாவதைத்தான் வளர்க்கின்றன. தேர்வு கேட்பதோ இரண்டாவதை. நாம் கணக்கைப் 'போடுகிறோம்' என்றுதானே சொல்கிறோம்? வரலாற்றைப் படிப்பதுபோல இதைப் படித்துக்கொண்டிருந்தால் 'புரிகிறது' என்ற நிலையிலேயே நின்றுவிடுவோம்.

முதலில் ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, முழு நேரம் ஒதுக்கி, புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள். 30 மதிப்பெண் வந்தாலும் பரவாயில்லை. இந்தத் தாளில் முக்கியம் மதிப்பெண் அல்ல, போன மதிப்பெண் ஒவ்வொன்றும் எதனால் போனது என்பது. பாடமே தெரியாமல் போனதா? பாடம் தெரிந்தும் தொடங்கத் தெரியாமல் போனதா? சரியாகத் தொடங்கி நடுவில் பிழை விட்டுப் போனதா? நேரம் போதாமல் போனதா? ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் இந்த நான்கில் ஒன்றை எழுதுங்கள். உங்கள் நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் அதிகம் இருக்கும். அவர்கள் போய் எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து மறுபடி வாசிப்பது தலைவலிக்கு வயிற்று மருந்து சாப்பிடுவது போன்றது.

தொடங்கத் தெரியாததற்கு ஒரு காரணம் உண்டு. பாட வாரியாகப் பயிற்சி செய்யும்போது வழிமுறையைப் பயிற்சித் தலைப்பே சொல்லிவிடுகிறது. 'பிரதியிடல் முறை' என்ற தலைப்பின் கீழ் 15 கணக்கு இருந்தால், பதினைந்துக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது பார்க்கும் முன்பே தெரியும். தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. ஒரு உதாரணம் பாருங்கள். தொகையிட வேண்டிய மூன்று பின்னங்கள். மூன்றிலும் பகுதி ஒன்றே: 1 கூட்டல் எக்ஸ் வர்க்கம். தொகுதியில் 1 இருந்தால் நேராக டேன் நேர்மாறு. தொகுதியில் எக்ஸ் இருந்தால், பகுதியை வகையிட்டால் கிடைப்பதில் பாதி மேலே நிற்கிறது. பகுதியையே புது மாறியாக எடுத்தால் மடக்கை வந்துவிடும். தொகுதியில் எக்ஸ் வர்க்கம் இருந்தால் இரண்டும் உதவாது. மேலே 1-ஐக் கூட்டிக் கழித்து இரண்டாகப் பிரித்தால், எக்ஸ் கழித்தல் டேன் நேர்மாறு எக்ஸ். ஒரே ஓர் எழுத்து மாறுகிறது, வழி முழுவதும் மாறுகிறது. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்கப் பழகுவதுதான் தொகை நுண்கணிதத்தில் பாதி வேலை.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்வது முதல் வரிப் பயிற்சி. வெவ்வேறு பாடங்களிலிருந்து 20 கணக்குகளைக் கலந்து எடுங்கள். அரை மணி நேரத்தில் இருபதுக்கும் 'எந்த வழி, ஏன்' என்று ஒரு குறிப்பும் முதல் வரியும் மட்டும் எழுதுங்கள். முழுதாகப் போட வேண்டாம். பிறகு தீர்வோடு ஒப்பிட்டு, எங்கெல்லாம் வழி தவறியதோ அவற்றை மட்டும் முழுதாகப் போடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் இப்படிச் செய்தால் 40 கணக்குகளின் தொடக்கம் கைக்குப் பழகும். அதே 40 கணக்கையும் முழுதாகப் போட்டால் ஒரு வாரம் போய்விடும்.

புதிதாகக் கற்கும் கணக்குகளுக்கு வேறு முறை. தீர்வை ஒருமுறை கவனமாகப் பாருங்கள், மூடுங்கள், வெற்றுத்தாளில் போடுங்கள். இடையில் சிக்கினால் அந்த ஒரு வரியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிவிடுங்கள். எட்டிப் பார்த்த வரிக்கு ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு நாள் கழித்து அதே கணக்கு, ஒரு வாரம் கழித்து மறுபடி. இரண்டாவது முறையும் புள்ளி அதே வரியில் விழுந்தால் அங்கேதான் உண்மையில் புரியவில்லை என்று அர்த்தம். ஆசிரியரிடம் கேட்கப் போகும்போது 'இந்தக் கணக்கு புரியலை' என்று கேட்காமல் 'இந்த வரி எப்படி வந்தது' என்று கேட்கலாம். கிடைக்கும் பதிலின் தரமே மாறிவிடும்.

இனி நடுவில் விடும் பிழைகள். 'கவனக்குறைவு' என்று பெயர் வைத்து ஒதுக்கிவிடுகிறோம். கூர்ந்து பார்த்தால் இவை கண்டபடி வருவதில்லை. ஒருவர் திரும்பத் திரும்ப விடும் பிழை ஐந்தாறு வகைக்குள்தான் இருக்கும். அவை வரும் இடங்களும் தெரிந்தவைதான்.

வெக்டர்களை எடுத்துக்கொள்வோம். (2, 1, −3), (1, −2, 4) இரண்டின் குறுக்குப் பெருக்கம் (−2, −11, −5). அணிக்கோவையை விரிக்கும்போது நடு உறுப்புக்குக் கழித்தல் குறி போட மறந்தால் −11-க்குப் பதில் 11 வரும். இதைப் பிடிக்க விடையை மறுபடி போட்டுப் பார்க்கத் தேவையில்லை. குறுக்குப் பெருக்கம் இரண்டு வெக்டர்களுக்கும் செங்குத்து. அதனால் புள்ளிப் பெருக்கம் 0 வர வேண்டும். −4 − 11 + 15 = 0, சரி. பிழையான விடைக்கு −4 + 11 + 15 = 22, உடனே தெரிந்துவிடும். இதற்குப் பத்து வினாடி போதும். தளம், கோடு, மிகக் குறைந்த தூரம் என்று இதைத் தொடர்ந்து வரும் 5 மதிப்பெண் கணக்கு முழுவதும் இந்த ஒரு குறியில்தான் நிற்கிறது.

நேர்மாறு அணியிலும் இப்படி ஒரு சோதனை உண்டு. இணைக்காரணிகளைக் கண்டுபிடித்துவிட்டு, நிரை நிரல் மாற்றாமல் அப்படியே சேர்ப்பு அணி என்று எழுதிவிடுவது பலருக்கும் நடக்கும் பிழை. மூல அணியின் முதல் நிரையைச் சேர்ப்பு அணியின் முதல் நிரலோடு பெருக்கினால் அணிக்கோவையின் மதிப்பு வர வேண்டும். இரண்டாம் நிரலோடு பெருக்கினால் 0 வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே நின்று திருத்துங்கள், மூன்று மாறிகளின் மதிப்பும் தப்பாக வந்த பிறகு அல்ல.

மாறு வீதக் கணக்கில் நடக்கும் பிழை குறியால் வருவதில்லை, கருத்தால் வருகிறது. 5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அடி சுவரிலிருந்து 3 மீட்டரில் இருக்கும்போது வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விலகுகிறது. மேல்முனை எவ்வளவு வேகமாக இறங்குகிறது? தூரத்தின் வர்க்கமும் உயரத்தின் வர்க்கமும் சேர்ந்து 25 என்று எழுதியதுமே கை துறுதுறுவென்று 3-ஐப் பிரதியிடப் பார்க்கும். பிரதியிட்டுவிட்டு வகையிட்டால் 3 ஒரு மாறிலி ஆகிவிடுகிறது, வேகம் 0 என்று வருகிறது. 3 என்பது அந்த ஒரு கணத்தின் மதிப்பு மட்டும். அதற்கு முந்தைய கணத்தில் அது 3 இல்லை. அதனால் முதலில் நேரத்தைப் பொறுத்து வகையிட வேண்டும், அதன்பின்தான் 3-ஐயும், உயரம் 4-ஐயும் போட வேண்டும். 3 × 2 ÷ 4, அதாவது வினாடிக்கு 1.5 மீட்டர். ஏன் இந்த வரிசை என்று புரிந்துகொண்டவர் கூம்பு, நிழல், பலூன் என எந்த வேடத்தில் வந்தாலும் தடுமாற மாட்டார்.

வரையறுத்த தொகையீட்டில் மாறியை மாற்றினால் எல்லையையும் மாற்ற வேண்டும். மேலே சொன்ன எக்ஸ் பை 1 கூட்டல் எக்ஸ் வர்க்கத்தையே 0 முதல் 1 வரை தொகையிட்டால், புது மாறி 1-லிருந்து 2-க்குப் போகிறது; விடை மடக்கை 2-இல் பாதி. பழைய எல்லையையே வைத்தால் மடக்கை 0 வந்து, 'தப்பு' என்று கணக்கே சொல்லிவிடும். எல்லாக் கணக்கும் இப்படிச் சொல்லாது. பல நேரம் பார்க்க அழகான தப்பு விடை வரும். எனவே பிரதியிடும் வரிக்குப் பக்கத்திலேயே புது எல்லைகளையும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். பரப்பளவுக் கணக்கில் படம் வரையாமல் தொடங்கவே வேண்டாம். சைன் வளைவரையை ஒரு முழுச் சுற்றுக்குத் தொகையிட்டால் 0. அது அடைக்கும் பரப்போ 4. அச்சுக்குக் கீழே இருக்கும் பாதியைத் தனியாக எடுத்து நேர்க்குறியாக்க வேண்டும் என்பது படத்தைப் பார்த்தால்தான் தோன்றும்.

கோணங்களில் முதன்மை மதிப்பு தடுக்கிவிடும். சைன் நேர்மாறு ஆஃப் சைன் 150° என்றால் 150° என்று எழுதக்கூடாது. சைன் நேர்மாறின் வீச்சகம் −90° முதல் 90° வரை, எனவே 30°. மெய்ப்பகுதி −1, கற்பனைப் பகுதி −1 உள்ள கலப்பெண்ணின் வீச்சைக் கேட்டால், 1-க்கு டேன் நேர்மாறு 45° என்று முடித்துவிடுகிறார்கள். புள்ளி இருப்பது மூன்றாம் காற்பகுதி; முதன்மை வீச்சு −135°. ஒரு குட்டிப் படம் போட்டுப் புள்ளியைக் குறித்தால் போதும்.

வகைக்கெழுச் சமன்பாட்டில் மாறிலியைத் தொகையிட்ட அதே வரியில் சேர்த்துவிடுங்கள். மடக்கையை நீக்கிய பிறகு கடைசியில் நினைவு வந்து '+ மாறிலி' என்று ஒட்டினால், பெருக்கலாக வர வேண்டியது கூட்டலாக வந்து தீர்வே தவறாகும்.

நிகழ்தகவில் சொல்லை வாசிப்பதில்தான் சிக்கல். பகடையை 5 முறை வீசி 'குறைந்தபட்சம் இரண்டு' ஆறு விழ வேண்டும் என்றால் 1-லிருந்து கழிக்க வேண்டியது 0-க்கும் 1-க்கும் உரிய நிகழ்தகவு மட்டுமே. 2-க்கு உரியதையும் சேர்த்துக் கழிப்பவர்கள் ஏராளம். இந்தக் கணக்கில் 0-க்கும் 1-க்கும் தலா 3125/7776 வருகிறது. விடை 1526/7776, சுருக்கினால் 763/3888. கணக்கைத் தொடங்கும் முன் 0, 1, 2, 3, 4, 5 என்று எழுதி, வேண்டியவற்றை வட்டமிடுங்கள்.

இந்தப் பிழைகளுக்கென்று ஒரு நோட்டு வையுங்கள். முழுக் கணக்கையும் அதில் எழுத வேண்டாம். தவறான வரி, அதன் கீழே சரியான வரி, அதைப் பிடிக்கும் சோதனை, இந்த மூன்றும் போதும். தேர்வுக்கு முந்தைய நாள் புரட்ட வேண்டியது இந்த நோட்டைத்தான், பாடப்புத்தகத்தை அல்ல.

பாடங்களின் வரிசை பற்றி ஒரு வார்த்தை. எளிதானதை முதலில் என்பதைவிட, எது எதைத் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். வகையீடு கைவராமல் தொகையீடு வராது, தொகையீடு வராமல் வகைக்கெழுச் சமன்பாடு வராது. அணிக்கோவை தெரிந்தால் வெக்டர் பாதி முடிந்த மாதிரி. முதல் ஐந்து வாரம் இந்த வரிசையில் பாடங்கள். கடைசி மூன்று வாரம் கலந்த கணக்குகளும் வாரத்துக்கு இரண்டு முழு வினாத்தாளும். சூத்திரங்களுக்குத் தனி நேரம் வேண்டாம், தினமும் காலையில் பத்து நிமிடம் வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். முக்கோணவியலில் சைன், காஸ் கூட்டல் சூத்திரங்கள் இரண்டை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டால் இரட்டைக் கோணம், அரைக்கோணம் எல்லாவற்றையும் இரண்டு மூன்று வரியில் வரவழைக்கலாம்.

நேரக் கணக்கும் எளிதுதான். 3 மணி நேரத்தில் 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், சரிபார்க்க 15 நிமிடம் ஒதுக்கியதுபோக மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய 100 வினாடி. 5 மதிப்பெண் கணக்குக்கு எட்டு நிமிடம். உங்கள் தேர்வின் அளவு வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எட்டு நிமிடம் பன்னிரண்டாகியும் முடியவில்லை என்றால் அரைப் பக்கம் இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று அதிலேயே உட்கார்ந்தால், தெரிந்த இரண்டு கணக்கு கடைசியில் எழுதாமல் கிடக்கும்.

படிக்குப் படி மதிப்பெண் தரும் தேர்வில் மனத்தில் போட்டு வரிகளைத் தாண்டாதீர்கள். பயன்படுத்தும் சூத்திரத்தை முதலில் எழுதுங்கள், பிறகு மதிப்பைப் பிரதியிடுங்கள். எண்ணில் பிழை வந்தாலும் வழி சரி என்பது திருத்துபவர் கண்ணில் பட வேண்டும். பெருமச் சிறுமக் கணக்கில் இரண்டாம் வகைக்கெழுவின் குறியைச் சோதித்த வரியும், கடைசியில் அலகும் விட்டுப்போகும் இடங்கள். போட்ட தீர்வு தப்போ என்று சந்தேகம் வந்தால் உடனே அதன் மேல் குறுக்குக் கோடு போட்டுவிடாதீர்கள். அடித்த வரிகளுக்கு மதிப்பெண்ணை எதிர்பார்க்க முடியாது. புதிய தீர்வை எழுதி முடித்து, அது சரி என்று தெரிந்த பிறகு பழையதை அடியுங்கள்.