நான்கு பியானோ, ஒரே ஒரு டிரம்பெட்

கேள்வி: 1940-களின் கறுப்பு வெள்ளை நுவார் (இருண்ட குற்றக்கதை) படங்களில் வரும் ஜாஸ் பின்னணி இசை என்றால் எனக்கு உயிர். அதே பாணியில் 20 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்து, சாக்ஸபோன் சாம்பிள் (கணினியில் வாசிக்கும் பதிவு செய்த வாத்திய ஒலி) வைத்து முதல் காட்சியிலிருந்து கடைசிவரை இசை சேர்த்தோம். பார்த்தவர்கள் 'காபித்தூள் விளம்பரம் மாதிரி இருக்கிறது' என்கிறார்கள். 'சைனாடவுன்' என்ற துப்பறியும் படத்தின் இசை மட்டும் 50 வருடம் கழித்தும் பழசாகவில்லையே, ஏன்? அதுவும் வெறும் பழங்கால மயக்கம்தானா?
– குறும்பட இயக்குநர், கோவை

பதில்: மயக்கம் உங்கள் முதல் வரியில்தான் இருக்கிறது. 1940-களின் நுவார் படங்களில் நீங்கள் சொல்லும் இசையே கிடையாது. 'டபுள் இன்டெம்னிட்டி' (1944) படத்தின் இசை மிக்லோஷ் ரோஷாவுடையது. 'தி பிக் ஸ்லீப்' (1946) மேக்ஸ் ஸ்டைனர். 'அவுட் ஆஃப் த பாஸ்ட்' (1947) ராய் வெப். எல்லாம் முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. ஜாஸ் வந்தால் காட்சிக்குள்ளேயே, நைட் கிளப் மேடையில் வரும். ஆள் தடம் புரளும் இடம் இது என்று காட்டுவதற்காக. அது பின்னணிக்கு ஏறியது 1950-களில். எல்மர் பெர்ன்ஸ்டைனின் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' (1955), ஹென்றி மான்சினியின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) எல்லாம் வருவதற்குள் நுவார் காலமே முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. மழைத்தெரு, தொப்பி, தனியாக அழும் சாக்ஸபோன் என்கிற கூட்டணியைப் பிற்பாடு டெலிவிஷனும் விளம்பரங்களும்தான் நம் தலையில் ஏற்றின. உங்கள் நண்பர்களின் காது சரியாகவே வேலை செய்திருக்கிறது. நீங்கள் நகலெடுத்தது விளம்பரத்தைத்தான்.

இனி 'சைனாடவுன்' (1974). கதை நடப்பது 1937-இன் லாஸ் ஏஞ்சலிஸில். பிலிப் லாம்ப்ரோ எழுதிய இசை படம் முடிந்த பிறகு நிராகரிக்கப்பட்டு, புதிதாக எழுத இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித்துக்குக் கிடைத்தது 10 நாள். அவர் கேட்ட வாத்தியங்களைப் பாருங்கள்: தந்திக் குழு, நான்கு பியானோ, நான்கு ஹார்ப், இரண்டு தாள வாத்தியக்காரர்கள், ஒரே ஒரு டிரம்பெட். இதை எந்த ஜாஸ் குழுவும் தன் குழு என்று ஒப்புக்கொள்ளாது. சாக்ஸபோன் கிடையவே கிடையாது.

அந்த இசையில் ஜாஸ் இருப்பது டிரம்பெட்டின் மெட்டில் மட்டும்தான். வாசித்தவர் எம்.ஜி.எம். ஸ்டுடியோ ஆர்கெஸ்ட்ராவில் பல காலம் முதல் டிரம்பெட்டாக இருந்த யூவான் ரேஸி. அவர் டிரம்பெட்டில் காதல் பாட்டு பாடுகிறார். கீழே பியானோவின் உள் கம்பிகளும் ஹார்ப்பும் கீறலும் தட்டலுமாக வேறு ஏதோ வேலை பார்க்கின்றன. இரண்டும் கடைசிவரை சமாதானம் ஆவதில்லை. பழசாகாததற்குக் காரணம் இதுதான். முழுவதையும் 1937 பாணியில் எழுதியிருந்தால் 1974-லேயே அது போலியாகியிருக்கும். காலத்தைக் காட்டுகிற வேலையைப் படத்தில் ஒலிக்கும் பழைய பாட்டு ரெக்கார்டுகள் பார்த்துக்கொள்கின்றன. கோல்ட்ஸ்மித்தின் இசைக்கு அந்தப் பாரம் இல்லை. (அந்த வருட ஆஸ்கர் இவருக்குக் கிடைக்கவில்லை, 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்துக்குப் போனது. அதைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.)

அடுத்தது அளவு. ஏறத்தாழ 130 நிமிடப் படத்தில் இசை சுமார் 23 நிமிடம்தான். அதே கணக்கில் உங்கள் 20 நிமிடப் படத்துக்கு மூன்றரை நிமிடம் போதும். நீங்கள் 20 நிமிடமும் ஊதியிருக்கிறீர்கள். இடைவிடாமல் ஒலிக்கும் வாத்தியத்தைக் காது ஐந்தாவது நிமிடத்தில் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்துவிடும்.

நான்கு ஹார்ப்புக்கு எங்கே போவது என்பீர்கள். காசு குறைவு என்றால் பார்க்கவேண்டிய படம் லூயி மால் இயக்கி 1958-இல் வெளிவந்த பிரெஞ்சுப் படம், 'தூக்குமேடைக்குப் போகும் லிஃப்ட்'. 1957 டிசம்பரில் பாரிஸ் ஸ்டுடியோ ஒன்றில் ஒரே இரவில் இசை முடிந்துவிட்டது. மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட், பார்னி விலென் டெனர் சாக்ஸ், ரெனே உர்ட்ரெஜே பியானோ, பியர் மிஷ்லோ பாஸ், கென்னி கிளார்க் டிரம்ஸ், ஆக ஐந்தே பேர். முழு நோட்டேஷன் கிடையாது. சில கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) மட்டும் முடிவு செய்துகொண்டு, திரையில் காட்சியை ஓடவிட்டு வாசித்தார்கள். ழான் மோரோ இரவில் ஷான்ஸெலிஸே வீதியில் நடந்துகொண்டே இருக்கும் காட்சியைக் கவனியுங்கள். கார்டு மாறுவது மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு சுரத்துக்கும் நிற்க இடம் கிடைக்கிறது.

உங்கள் படத்துக்கு வருவோம். சாக்ஸபோன் சாம்பிளை அழித்துவிடுங்கள். சாம்பிளில் சுரம் ஒவ்வொன்றும் முழுசாகப் பிறந்து முழுசாகச் சாகும்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவதும், கடைசியில் மூச்சு கரைவதும் அதில் வராது. காது போலியைக் கண்டுபிடிப்பது அங்கேதான். பேண்டு வாத்தியக் குழுக்களிலும் சர்ச் இசைக்குழுக்களிலும் நல்ல டிரம்பெட்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவரை அரை நாள் அழையுங்கள். சுரத்தை நேராகப் பிடித்து, வாக்கியத்தின் கடைசிச் சுரத்தில் மட்டும், அதுவும் பின்பாதியில், வைப்ரேட்டோ (சுர நடுக்கம்) கொடுக்கச் சொல்லுங்கள். முதலிலிருந்தே நடுக்கினால் கல்யாண ஊர்வலம் வந்துவிடும்.

டெம்போ நிமிடத்துக்கு 55-லிருந்து 65 தட்டுக்குள் இருக்கட்டும். வெறும் மைனர் கார்டு சோகத்தைத்தான் தரும், சந்தேகத்தைத் தராது. அதன் மேல் மேஜர் ஏழாம் சுரத்தைச் சேருங்கள். சி மைனர் என்றால் சி, ஈ ஃப்ளாட், ஜி, பி. பியானோவில் அந்த பி-யையும் மேல் சி-யையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். உரசல் அங்கேதான் பிறக்கிறது. தள்ளி வைத்தால் ஹோட்டல் லாபி இசை.

டிரம்பெட்டின் முன்வாயில் செருகி ஒலியை அடக்கும் ஹார்மன் மியூட் போடுவதானால் அதன் நடுத்தண்டைக் கழற்றிவிட வேண்டும். மியூட் சுருதியை ஏற்றும். டிரம்பெட்டில் சுருதி சேர்க்கும் குழாயான ட்யூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுக்காவிட்டால் பியானோவோடு சேராது. சத்தமும் சன்னமாகிவிடும் என்பதால் மைக்கை நான்கைந்து அங்குலத்தில் வையுங்கள். தூரத்தில் வைத்துவிட்டு மிக்ஸிங்கில் ஏற்றினால் அறையின் இரைச்சலும் கூடவே ஏறும், அதை மறைக்க ரீவெர்ப் (செயற்கை எதிரொலி) போடுவீர்கள், மறுபடியும் காபித்தூள்.

வசனத்தின் மேல் மியூட் டிரம்பெட் வேண்டாம். அதன் ரீங்காரமும், பேச்சில் மெய்யெழுத்துகள் துலங்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியும் ஒன்றோடொன்று மோதும். வால்யூமைக் குறைத்தாலும் மோதல் தீராது. ஆள் பேசி முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு ஆரம்பியுங்கள்.