அண்டை வீட்டாரை நம்புகிறோம், அரசாங்கத்தை? கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

தேவனாம்பட்டினத்திலிருந்து: ஐயா, எங்க ஊர்ல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா எல்லாரும் ஓடி வருவோம். ஆனா அரசாங்கத்தை யாரும் நம்புறதில்லை. இது முரண்பாடு இல்லையா?

இல்லை தம்பி. ஒரே படகில் ஏறுபவரை நம்புவது வேறு, முன்பின் தெரியாதவரை நம்புவது வேறு. 1981 முதல் பல நாடுகளில் நடந்துவரும் உலக விழுமிய ஆய்வு (World Values Survey), "பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா?" என்று கேட்பது இரண்டாவதைத்தான். டென்மார்க், நார்வேயில் அதுவும் அதிகம், அரசு மீதான நம்பிக்கையும் அதிகம்.

நெல்லிக்குப்பம் ஆசிரியை: இதில் எது முதலில் வரும் சார்?

அறிஞர்களிடமே ஒத்த கருத்து இல்லை அம்மா. இத்தாலியில் 1970இல் பெரும்பாலான வட்டாரங்களுக்கும் ஒரே மாதிரி ஆட்சி அமைப்பு வந்தும், வடக்கே நன்றாக நடந்தது, தெற்கே தடுமாறியது. வடக்கில் மக்கள் சங்கங்கள் வலுவாக இருந்ததே காரணம் என்றார் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம். சுவீடனின் அரசியல் அறிஞர் போ ரோத்ஸ்டைன், அதிகாரிகளின் பாரபட்சமின்மையிலிருந்துதான் நம்பிக்கை பிறக்கிறது என்கிறார்.

நான் ரோத்ஸ்டைன் பக்கம். காசு கொடுத்தால்தான் பட்டா என்றால், வரிசையில் நிற்பவருக்குத் தாசில்தார் மேல் மட்டுமா சந்தேகம் வரும்? முன்னால் நிற்பவர் எவ்வளவு கொடுத்தாரோ என்றும் வரும். தமிழ்நாட்டு ரேஷன் அரிசி வறுமைக்கோட்டை வைத்து ஆளைப் பிரிப்பதில்லை. அதனால் 'அவனுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது' என்ற பேச்சுக்கு அங்கே இடம் குறைவு.

பரங்கிப்பேட்டை வாசகி: சுனாமியின்போது ஊர்ப் பஞ்சாயத்துதானே எங்களைக் காப்பாற்றியது?

உண்மை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்த அதிகாரிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் யார் வீடு போனது, யார் படகு போனது என்று சொன்னவர்கள் மீனவ ஊர்த் தலைவர்களான நாட்டாரும் ஊர்ப் பஞ்சாயத்தாரும்தான். வலுவான பஞ்சாயத்து உள்ள ஊர்களுக்கு நிவாரணம் நன்றாகவே போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையை ஆராய்ந்த அமெரிக்க அரசியல் அறிஞர் டேனியல் ஆல்ட்ரிச் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. பஞ்சாயத்துக் கணக்கில் இல்லாத தலித் குடும்பங்களும் ஆண் துணையற்ற பெண்களும் பல இடங்களில் விடுபட்டார்கள். ஊர் ஒற்றுமையே அவர்களுக்குச் சுவராக நின்றது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அரசு தன் கணக்கைத் தானே எடுத்திருக்க வேண்டும். வேறு யாரும் எழுதாத பெயர்களை எழுதத்தானே அரசு!

வில்லியனூர்: எங்களுக்கு வார்டு உறுப்பினரே இல்லையே!

அது பெரிய குறை. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? முகம் தெரியாத அரசை எப்படி நம்புவது?

பண்ருட்டி அருகே ஒரு கிராமம்: நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவைக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், உங்கள் தெருக்காரரோடு மட்டும் போகாதீர்கள். ஊர்த் தெருவும் காலனியும் சேர்ந்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்.