வாழி கேட்டுவிட்டுப் போங்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

போன வாரம் நண்பர்களோடு சேர்ந்து ஹாபிட் படங்கள் மூன்றையும் ஒரே இரவில் பார்த்தேன். இரண்டாவது படத்தின் முடிவில் டிராகன் ஏரி நகரத்தை நோக்கிப் பறக்கிறது, திரை இருட்டாகிறது, உடனே எட் ஷீரன் கிதாரோடு வந்துவிடுகிறார். அதுவரை குள்ளர்களோடு மலைக்குள் இருந்த என்னை யாரோ தூக்கி மார்த்தாண்டம் மேம்பாலத்தில் நிறுத்தியதுபோல் இருந்தது. மாயாஜாலப் படத்தில் எஃப்.எம். பாட்டுக்கு என்ன வேலை? லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்களின் கடைசியில் வரும் பாடல்கள் இப்படி உறுத்தவில்லை. ஏனென்றால் அவை பாப் பாடல்கள் அல்ல. இந்த மாதிரிப் படங்கள் இசைக்குழுவின் இசையோடு, அல்லது மௌனமாக முடிவதுதானே முறை? தமிழில் இப்படி ஒரு படம் எடுக்க ஆளில்லை என்பது தனிச் சோகம்.

அன்புடன்,
எஸ்., மார்த்தாண்டம்

அன்புள்ள எஸ்.,

எங்கள் ஊர் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்து, தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருந்த காலையில் உங்கள் கடிதம் வந்தது. வேறொரு நாள் வந்திருந்தால் இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன். கொடையில் ஒன்றைப் பார்த்துவிட்டு மனசு சரியில்லாமல் இருந்தேன். நீங்கள் அதே இடத்தில் கைவைத்துவிட்டீர்கள்.

முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். ரிங்ஸ் படங்களில் கடைசியான 'த ரிட்டர்ன் ஆஃப் த கிங்' முடிவில் வரும் 'இன்டு த வெஸ்ட்' பாப் பாடல் இல்லை என்று எப்படி எழுதினீர்கள்? அதைப் பாடிய ஆனி லெனாக்ஸ் யார் என்று தேடிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? யூரித்மிக்ஸ் என்ற இருவர் குழுவில் 1980-களில் சின்தசைசர் ஒலிக்கு நடுவே பாடி உலகத்தையே ஆடவைத்தவர் அவர். 2004-ல் அந்தப் பாட்டுக்கு ஆஸ்கர் கொடுத்தபோது ஒரு பாப் பாடகியின் கையில்தான் கொடுத்தார்கள். பிடித்ததெல்லாம் பாப் இல்லை, பிடிக்காதது மட்டும் பாப் என்று பிரித்துக்கொண்டால் பேச்சு சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அதில் உங்கள் காது எங்கே இருக்கிறது, தம்பி?

எட் ஷீரன் பாட்டையும் நீங்கள் சரியாகக் கேட்கவில்லை. அந்தப் படம் எங்கே முடிகிறது? கதைநாயகன் பில்போ பாறைமேல் நின்று, நாம் என்ன செய்துவிட்டோம் என்கிறான். இருட்டு. அந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. பாட்டுதான் பதில். அதுவும் கிதாரோடு தொடங்குவதில்லை. நினைவுபடுத்திப் பாருங்கள், முதலில் துணையில்லாத ஒற்றைக் குரல் மட்டும். மலையைப் பார்த்துக்கொண்டு, கூடப்பிறந்தவர்களை எண்ணிக்கொண்டு, தீயைக் காண்கிறேன் என்று பாடுகிறவன் குள்ளர்களில் ஒருவன். படத்தைப் பார்த்த கையோடு எழுதிய பாட்டு அது. கதையின் சூடு ஆறுவதற்குள் எழுதியது. நீங்கள் மேம்பாலத்தில் போய் நின்றுகொண்டால் அவர் என்ன செய்வார்?

மௌனமாக முடியலாம்தான், முடியட்டும். தமிழில் ஆளில்லை என்ற சோகத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. 1951-ல் வந்த மாயாஜாலப் படம் பாதாள பைரவியைப் பற்றி உங்கள் வீட்டில் வயசானவர்கள் யாரிடமாவது கேளுங்கள்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மார்த்தாண்டத்துக்காரர், வில்லுப்பாட்டு கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டீர்கள். காப்பு பாடித் தொடங்குவார்கள். குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், பிறகு கதை. நீலி கதை என்றால் உங்களுக்குத் தெரியும். கள்ளிமூட்டில் கொலையுண்ட பெண், கள்ளிதான் சாட்சி. மறுபிறப்பில் அவள் கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். எழுபது வேளாளர் அவளை நம்பிக் கெடுகிறார்கள். வில்லைத் தட்டும் வீசுகோலின் வேகம் ஏற ஏற, உடுக்கையும் குடமும் சேர்ந்துகொள்ள, ஒரு கட்டத்தில் புலவர் நீலியாகவே ஆகிவிடுவார். பந்தலில் சாமி வந்து ஆடுவார்கள். நடுச்சாமம் கடந்திருக்கும். டிராகன் பறப்பதற்குக் கொஞ்சமும் குறையாத மாயம் அது.

அது அப்படியே நின்றுவிடுவதில்லை. எல்லாம் அடங்கியபிறகு புலவர் ஒரு மிடறு சுக்குவெள்ளம் குடித்துவிட்டு வாழி பாடுவார். கதை பாடிய குரல் அல்ல அது. மெட்டு மாறியிருக்கும், வேகம் இறங்கியிருக்கும். இப்போது அவர் நீலி இல்லை, பக்கத்து ஊர்க்காரர், காலையில் பஸ் ஏறிப் போகவேண்டியவர். ஊர் வாழ்க, கொடை நடத்தியவர் வாழ்க, கதை கேட்டிருந்தவர்கள் வாழ்க என்று பாடுவார். கூட அமர்ந்திருப்பவர்கள் அதே வரியைத் திரும்பப் பாடுவார்கள். நம்மை இந்தப் பக்கம் கொண்டுவந்து விடுகிற பாட்டு அது.

படத்தின் கடைசியில் வேறு குரல் வந்து மாயத்தைக் கலைக்கிறது என்று நீங்கள் சொல்வதைத்தான் நான் வாழி என்கிறேன். வேறு குரல்தான் வரவேண்டும். கதைக்குள் இருக்கிற குரலால் நம்மை வெளியே கூட்டிவர முடியாது. அந்தக் குரல் கதையைக் கேட்டிருக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கேட்காத பாட்டும் உண்டு. 1984-ல் வந்த 'த நெவர்எண்டிங் ஸ்டோரி' படத்துக்கு ஜார்ஜியோ மொரோடர் போட்ட பாட்டு உலகமெங்கும் ஓடியது, எனக்கும் பிடிக்கும். ஆனால் ஜெர்மனியில் அதே படம் அந்தப் பாட்டு இல்லாமல்தான் வெளியானது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் படம் ஒன்றுதான் என்றால் அதை வாழி என்று சொல்லமுடியாது.

பெயர்களையும் யோசித்துப் பாருங்கள். வாழியில் பெயர் சொல்லுவார்கள். பந்தல் போட்டவர், விளக்குக்கு எண்ணெய் கொடுத்தவர் என்று போகும். படத்தின் கடைசியில் ஓடுவதும் பெயர்கள்தானே? தச்சர்கள், தையல்காரர்கள், குள்ளர்களுக்குத் தாடி ஒட்டியவர்கள். 'த ரிட்டர்ன் ஆஃப் த கிங்' முடிவில் நடிகர்களின் முகங்களை ஆலன் லீ பென்சிலில் வரைந்த படங்கள் ஒவ்வொன்றாக வரும், பின்னால் ஆனி லெனாக்ஸ் பாடிக்கொண்டிருப்பார். அந்தப் படங்களின் நீண்ட பதிப்புகளில் ரசிகர் மன்றத்தாரின் பெயர்கள்கூட ஓடும். கேட்டிருந்தவர்களும் வாழ்க என்பது வேறென்ன? அந்தப் பாட்டு பிறந்ததில் இன்னொரு பெயரும் உண்டு. புற்றுநோயில் போன ஒரு நியூசிலாந்துப் பையன். பதினேழு வயசு, படம் எடுக்கத் தொடங்கியிருந்தவன். அவனை நினைத்து எழுதியதால் கதைக்குள் கப்பலேறிப் போகிறவர்களுக்கும் வெளியே போய்விட்டவனுக்கும் அது ஒரே பாட்டாக ஆகிவிட்டது.

அந்தப் படம் நாகர்கோவிலுக்கு வந்தபோது போயிருந்தேன். பாட்டின் முதல் வரி தொடங்கியதும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். கதவைத் திறந்து வெயிலை உள்ளே விட்டார்கள். இரண்டாவது வரிக்குள் படத்தையே நிறுத்திவிட்டார்கள். நான் எழுந்துபோய்ச் சண்டை போட்டேன். "கதைதான் முடிஞ்சுட்டே சார்" என்றார் அங்கே நின்றவர். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன் மட்டும்.

இந்த முறை கொடையிலும் அதைத்தான் பார்த்தேன். நீலி கதைக்குப் பந்தல் நிறைய ஆள். வாழி தொடங்கும்போது எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பேர். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கும் சத்தம். புலவர் அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, போய்விட்டவர்களை எல்லாம் வாழ்த்திக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

ஏன் இதற்கு இவ்வளவு பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கொடையில் பாதியில் தூங்கிவிட்டேன். நீலி கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கும் இடம்வரை கேட்டது நினைவிருக்கிறது. மாமா என்னைத் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் கள்ளிவேலி. அதைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு கொப்பும் கையைக் காலை ஆட்டியது. திரும்பி ஓடிவந்து படுத்தேன், காய்ச்சல். மூன்று நாள் ஆகியும் விடவில்லை. திருநீறு போட்டார்கள், கசாயம் கொடுத்தார்கள். கடைசியில் ஆச்சிதான் மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

"வாழி கேக்காமலா பிள்ளையத் தூக்கிட்டு வந்த? கூறு உண்டுமா ஒனக்கு? கதைக்குள்ளல்லா கெடக்கான் பய, பேடிச்சு."

அன்று அந்தியில் விளக்கேற்றியதும் என்னை அடுக்களைப் படியில் உட்காரவைத்தாள். தண்ணீர் வைக்கும் மண்குடத்தைக் கவிழ்த்துக் காலியாக்கி மடியில் வைத்து, அதன் வாயில் ஓலை விசிறியால் தட்டினாள். வாழியில் பாதிச் சொற்கள்தான் அவளுக்குத் தெரியும், மெட்டு சுத்தமாகத் தெரியாது. டீக்கடை ரேடியோவில் தினமும் இலங்கை வானொலி கேட்கும். அதில் வந்த ஒரு சினிமாப் பாட்டு மெட்டில் வாழியைப் பாடினாள். காதல் பாட்டு. எது என்று எனக்கு நன்றாகத் தெரியும், இங்கே சொல்லமாட்டேன். ஊர் வாழணும், கிணறு வாழணும், நீலியும் அவ பிள்ளையும் வாழணும், கள்ளி வாழணும், கூறுகெட்ட மாமனும் வாழணும் என்று போய், கடைசியில் என் பெயரைச் சொன்னாள். நான் இரண்டு தோசை கேட்டேன். மறுநாள் கள்ளிவேலியைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனேன்.

எஃப்.எம். பாட்டுக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். இந்த வேலைதான். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' படத்தின் முடிவில் யூமி கிமுரா யாழ் போன்ற ஒரு சின்ன வாத்தியத்தை மீட்டிப் பாடுகிறாரே, அந்தப் பாட்டு அந்தப் படத்துக்காக எழுதியதே அல்ல. கைவிட்ட வேறொரு படத்துக்காக எழுதியது. அந்தச் சிறுமி ஆவிகளின் ஊரிலிருந்து வீடு திரும்பியதும் அதைவிடப் பொருத்தமாக ஒன்றைக் கேட்க முடியாது. மெட்டு எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும், கிதாரோ சின்தசைசரோ ஓலை விசிறியோ. பாடுகிறவருக்கு, உள்ளே ஒரு பிள்ளை கிடக்கிறது என்பது தெரிந்திருந்தால் போதும்.

மூன்றாவது படத்தின் முடிவைப் பற்றி நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை. விடிந்துவிட்டது, எழுந்து போய்விட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதில் விடைபெறும் பாட்டைப் பாடுவது பில்லி பாய்ட். பழைய ரிங்ஸ் படங்களில் பிப்பினாக வந்தவர், நகரத்தை ஆளும் டெனதோர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் முன்னால் நின்று நடுங்கும் குரலில் பாடினாரே, அவர்தான். ஆறு படங்களுக்கும் சேர்த்துப் பாடிய வாழி அது. இந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைக் கூப்பிட்டு அதை மட்டும் போடுங்கள். கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை யாரையும் எழுந்திருக்க விடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி