கையால் செய்த லூருக்கு எந்த கிளியர் கோட்?

கேள்வி: பெருமரக் கட்டையில் 9 செ.மீ. நீள மின்னோ லூர் (சின்ன மீன் வடிவச் செயற்கைத் தூண்டில் இரை) செதுக்கி, கொடுவா, பாறை, சீலா மீன்களுக்கு வீசுகிறேன். பெயிண்டுக்கு மேல் பிரஷ்ஷால் இரண்டு கோட் எபாக்ஸி. பளபளப்பு அருமைதான். ஆனால் பிரைமர் மட்டும் அடித்துத் தொட்டியில் இழுத்துப் பார்த்தபோது நன்றாகத் துடித்த லூர், எபாக்ஸிக்கு அப்புறம் மந்தமாகிவிடுகிறது. சாதாரண வார்னிஷ் பூசினால் நாலு மீன் கடித்ததும் உரிகிறது. மெல்லியதாகவும் இருக்க வேண்டும், உழைக்கவும் வேண்டும். என்ன பூசுவது? ஏற்கெனவே எபாக்ஸி பூசியவற்றை என்ன செய்வது? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: உங்களுக்கு ஏற்றது கார் பெயிண்டிங் ஷெட்டில் அடிக்கும் 2கே கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு. ஹார்ட்னர் கலந்து பூசும் அக்ரிலிக் பாலியூரிதேன் அது. மெல்லிசாக இரண்டு கோட் போதும். ஆனால் உள்ளே இருக்கும் மரத்தைக் கவனிக்காமல் மேல்பூச்சை மட்டும் மாற்றினால் அதுவும் உரியும்.

முதலில் மந்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எபாக்ஸி கனம், அதனால் மிதப்பு போய்விடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி வராது. உங்கள் லூரின் மேற்பரப்பு சுமார் 35 சதுர செ.மீ. இருக்கும். இரண்டு கோட் எபாக்ஸியின் தடிப்பை 0.3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஒரு கன செ.மீ. எபாக்ஸி, 1.2 கிராம் எடை. அதே எபாக்ஸி ஒரு கிராம் தண்ணீரையும் விலக்குகிறது. ஆக, மிதப்பில் இழப்பு 0.2 கிராம்தான்.

துடிப்பு போவதற்குக் காரணம் அந்த 1.2 கிராம் உட்கார்ந்திருக்கும் இடம். லூர் துடிப்பது என்பது தன் நடு அச்சைச் சுற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரள்வது. அச்சைவிட்டு விலகி, தோலில் இருக்கும் எடையைப் புரட்டத்தான் அதிக விசை வேண்டும். போதாததற்கு முதுகில் ஏறிய எபாக்ஸி, நீங்கள் வயிற்றில் வைத்த ஈயத்துக்கு எதிராக வேலை செய்கிறது. இன்னொன்றும் உண்டு. எபாக்ஸி கூர்மையான விளிம்பில் நிற்காது. அங்கிருந்து பின்வாங்கித் தட்டையான இடத்தில் தேங்கும். தண்ணீரை வெட்ட வேண்டிய விளிம்பு உருண்டையாகிவிடும். பூச்சு மெலிந்து நிற்பதும் அங்கேதான் என்பதால், கல்லில் மோதினால் முதல் விரிசலும் அங்கேதான். 2கே கிளியர் இரண்டு கோட்டுக்கு 0.05 மி.மீ. அளவில்தான் வரும். எடை 0.2 கிராம். விளிம்பு செதுக்கியபடியே இருக்கும்.

இவ்வளவு மெல்லியது பல்லுக்குத் தாங்குமா என்று கேட்பீர்கள். தாங்காது. சீலாவின் பல் 0.05 மி.மீ. பூச்சையும் துளைக்கும், 0.3 மி.மீ. பூச்சையும் துளைக்கும். துளைத்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். பல் பட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் மரத்துக்குள் போனால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்த அசைவில்தான் பூச்சு பிளந்து பாளம் பாளமாகக் கழன்று வருகிறது. உங்கள் வார்னிஷ் உரிந்ததற்கும் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மரம் தண்ணீர் குடிக்காது என்றால் பல் பட்ட இடத்தில் வெறும் தழும்பு மட்டுமே நிற்கும்.

எனவே எபாக்ஸியைத் தூக்கிப் போடாதீர்கள். அதை மரத்துக்கு உள்ளே அனுப்புங்கள். மெதுவாக இறுகும், தண்ணியான லேமினேட்டிங் வகையாக வாங்குங்கள். அரால்டைட் போன்ற பசைகள் இதற்குக் கெட்டி. ரெசின் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இன்னும் இளகும். தின்னர் ஊற்றி இளக்க வேண்டாம். தின்னர் உள்ளேயே சிக்கினால் எபாக்ஸி முழுதாக இறுகாது. பெயிண்டுக்கு முன், வெறும் கட்டையில் இதைத் தேய்த்து, இழுக்கும் வரை இழுக்கவிட்டு, மீதியைத் துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். மேலே படலமாக எதுவும் நிற்கக் கூடாது. ஸ்க்ரூ கண் (முள்ளை மாட்டும் வளையம்) போகும் துளை, ஈயம் வைத்த குழி, லிப் (லூரின் வாயடியில் நிற்கும் தகடு) செருகும் வெட்டு ஆகிய மூன்றும்தான் தண்ணீர் நுழையும் வாசல்கள். துளைகளில் ஃபெவிக்விக்கைச் சொட்டுவிட்டு ஊறவிடுங்கள். புகை கண்ணில் படாமல் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் எபாக்ஸி மேல் மெழுகு போலப் பிசுபிசுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். ஈரக் காற்றில் அது வரும். தண்ணீரில் கழுவி, 320 வாட்டர் பேப்பரால் தேய்த்துவிட்டு பிரைமர் அடிக்கலாம். கழுவாமல் அடித்தால் பெயிண்ட் அங்கங்கே விலகிக் குழி குழியாக நிற்கும்.

சீல் சரியாக ஆகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. லூரைப் பாக்கெட் தராசில் நிறுத்து, கல் கட்டி இரவு முழுக்க வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். காலையில் துடைத்து மறுபடி நிறுத்தால், எடை கூடியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பெயிண்டைத் திறப்பது வீண் வேலை.

மெல்லிய பூச்சு ஒன்றும் புதிதல்ல. பின்லாந்தின் லௌரி ரேபாலா 1936-இல் தன் லூரைச் செருப்புத் தைப்பவர் கத்தியால் கார்க்கில் செதுக்கி, சாக்லேட் தகடு சுற்றி, போட்டோ நெகட்டிவ்களை உருக்கி அதன் மேல் பூசினார். ஜப்பானில் கையால் மின்னோ செய்கிறவர்கள் இன்றும் செல்லுலோஸ் லாக்கரில் திரும்பத் திரும்ப முக்கி எடுக்கிறார்கள். நம் ஊரில் மரவேலைக் கடைகளில் விற்கும் என்சி லாக்கர், நகப்பூச்சு எல்லாம் அந்தக் குடும்பம்தான். பொறுமை இருந்தால் நல்ல வழி. ஆனால் நாளாக ஆக மஞ்சளித்து நொறுங்கும். ரப்பர் மீன், ரப்பர் தவளையோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் அவற்றிலிருந்து கசியும் எண்ணெய் இந்தப் பூச்சைப் பிசினாக்கிவிடும்.

மெலமைன் பாலிஷ் வேண்டாம். அது வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்கானது. யூவி ரெசின் ஐந்து நிமிட வெயிலில் இறுகும், பல் தழும்பை அடைக்க அதைவிட வசதியானது கிடையாது. ஆனால் முழு லூருக்கும் பூசினால் எபாக்ஸி அளவுக்கே தடிப்பு வரும். காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும் ஒற்றைக் கலவை யூரிதேன் ஒன்று உண்டு. அமெரிக்காவில் வீட்டில் லூர் செய்பவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். மெல்லிசு, நல்ல உறுதி, எல்லாம் சரி. டப்பாவைத் திறந்த நாள் முதல் உள்ளேயும் ஈரம் போய் உறைய ஆரம்பிக்கும். அங்கேயே ஆர்கான் வாயு அடித்து மூடி வைக்கிறார்கள். தூத்துக்குடிக் காற்றில் அதோடு மல்லுக்கட்டுவானேன்?

2கேக்கு வருவோம். இதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே துளியாக நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் பட்டாலும் மூச்சு திணறும். துணி மாஸ்க், ஆஸ்பத்திரி மாஸ்க் எதுவும் இதைத் தடுக்காது. அதனால் வீட்டில் ஸ்பிரே கன்னோ, ஹார்ட்னர் உள்ள ஸ்பிரே டப்பாவோ வேண்டவே வேண்டாம். பழக்கமான பெயிண்டிங் ஷெட்டில் லூர்களைக் கம்பியில் வரிசையாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். பம்பருக்கோ கதவுக்கோ கிளியர் அடிக்கும்போது கப்பில் மிச்சமிருப்பதே பத்துப் பன்னிரண்டு லூருக்குப் போதும். முதல் கோட்டைப் பனி போல லேசாக அடிக்கச் சொல்லுங்கள். ஈரமாக அடித்தால் அடியில் உள்ள பெயிண்டைத் தூக்கிச் சுருக்கிவிடும்.

ஷெட் தோதுப்படாவிட்டால் முக்கி எடுக்கலாம். மொட்டை மாடியில், நைட்ரைல் கையுறையோடு. டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி சிரிஞ்சால் அளந்து கலந்து, வாய் குறுகிய உயரமான பாட்டிலில் ஊற்றி, லூரைத் தலைகீழாக இறக்கி மெதுவாக வெளியே இழுங்கள். எவ்வளவு மெதுவாக இழுக்கிறீர்களோ அவ்வளவு மெல்லிய படலம். வேகமாக இழுத்தால் தடித்து வழியும். முனையில் தேங்கும் சொட்டை அட்டை ஓரத்தால் தொட்டு எடுங்கள். விரலில் ஒட்டாமல், ஆனால் நகம் வைத்தால் பதியும் நிலையில் இரண்டாவது முக்கு. மழை நாளில் இந்த வேலை வேண்டாம். ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் உள்ளே குமிழி கட்டும்.

லிப்பை மட்டும் பூச்செல்லாம் முடிந்த பிறகு ஒட்டுங்கள். பாலிகார்பனேட்டில் தின்னர் பட்டால் நூல் நூலாக விரிசல் விடும். அடுத்த முறை கல்லில் இடிக்கும்போது லிப் முறிந்து கையோடு வரும். மார்க்கர் பேனாவால் புள்ளி, செதில் வரைகிற பழக்கம் இருந்தால் முதலில் ஒரு ஐஸ் குச்சியில் சோதித்துப் பாருங்கள். பெரும்பாலான மார்க்கர் மை கிளியரில் கரைந்து ஓடிவிடும். எல்லாம் முடிந்ததும் ஒரு வாரம் நிழலில் தொங்கட்டும். தொட்டுப் பார்த்தால் மறுநாளே காய்ந்த மாதிரிதான் இருக்கும், நம்ப வேண்டாம்.

ஏற்கெனவே எபாக்ஸி பூசிய லூர்களைக் குப்பையில் போட வேண்டியதில்லை. 240 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து முதுகிலும் பக்கங்களிலும் தேய்த்துத் தடிப்பைக் குறையுங்கள். பெயிண்ட் வரை போகாதீர்கள். உருண்டுபோன விளிம்பை மறுபடி கூராக்கி, லிப்பை டேப்பால் மூடி, ஒரே ஒரு கோட் 2கே. தேய்த்த தூளை ஈரத்தோடு துடைத்துவிடுங்கள், மூக்கில் ஏறக் கூடாது. அதற்கும் துடிப்பு வராவிட்டால் மும்முள்ளை (மூன்று கொக்கித் தூண்டில் முள்ளை) ஒரு சைஸ் குறைத்துப் பாருங்கள். அடியில் தொங்கும் எடை குறைந்தால் லூர் சுலபமாகப் புரளும். பாறை மீனுக்கு வீசுகிற லூரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், முள் நிமிர்ந்துவிடும்.