செயின்சாவால் மரக் கரடியின் ரோமத்தைக்கூட எப்படிச் செதுக்குகிறார்கள்?

மரம் வெட்டும் அதே செயின்சாதான், ஆனால் நுணுக்க வேலைக்கு வரும்போது பாரை, அதாவது சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகட்டை, மாற்றிவிடுவார்கள். சாதாரண பாரின் நுனி அகலமானது. அதன் மேல்முனை மரத்தில் பட்டால் ரம்பம் ஆள்மேல் எகிறும். செதுக்கும் பாரின் நுனி அமெரிக்க 10 சென்ட் நாணயம் அளவுதான், அதனால் எகிறுவது ரொம்பக் குறையும், கண்குழிக்குள்ளும் நுழையும்.

முதலில் பெரிய ரம்பத்தால் தலை, தோள், இடுப்பு என்று கட்டை கட்டையாக வெட்டி எடுப்பார்கள். என்னைக் கேட்டால் கரடிக்கு உயிர் வருவது இங்கேதான், தோள் தப்பினால் எவ்வளவு ரோமம் போட்டாலும் பொம்மைதான். அப்புறம் நுனியால் சின்னச் சின்னக் கீறல்கள், ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே, மூக்கிலிருந்து பின்னோக்கி. கடைசியில் காஸ் டார்ச்சால் மேலாகக் கருக்கி, பிரஷ்ஷால் தேய்த்தால் மேடு வெளுத்துக் கீறலுக்குள் மட்டும் கருப்பு நிற்கும்.